விண்ணப்பத்தில் காலியாக விட்ட ஒரு வரி

(மாவட்ட மைய நூலகத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற பொதுத்துறை வங்கி மேலாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. உங்க கையில செல்போன் இருக்கு. வங்கி ஆப் வைத்திருக்கிறவங்க அதைத் திறந்து, உங்க கணக்கில் நாமினி என்ற இடத்தில் யார் பெயர் இருக்குன்னு பாருங்க. ஆப் இல்லாதவங்க வீட்டுக்குப் போனதும் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பாருங்க. பெயர் இருந்தால் சந்தோஷம். இல்லையென்றால் நான் சொல்லப்போகும் கதை உங்களுக்குத்தான்.

நான் 1984-ல் ஒரு பொதுத்துறை வங்கியில் அதிகாரியாகச் சேர்ந்தேன். 2021-ல் ஓய்வு பெற்றேன். நடுவில் 37 வருஷம். "வங்கிப் பணியும் சமூக சேவையும்" என்று தலைப்பு கொடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். சேவை என்ற வார்த்தை எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கு. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலைக்கு அவ்வளவு பெரிய பேரு வேண்டாம். அதிலும் நான் செய்த ஒரு தவறைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அது நியாயமாகவும் இருக்காது.

1988-ல் என்னை மானாமதுரைக்குக் கிழக்கே ஒரு கிராமக் கிளைக்கு மேலாளராகப் போட்டார்கள். டவுனில் ஏசி அறையில் இருந்தவனுக்கு அது பனிஷ்மென்ட் போஸ்டிங் மாதிரி இருந்தது. ஓட்டுக் கட்டடம், ஒரு காசாளர், ஒரு கிளார்க், ஒரு கடைநிலை ஊழியர், ஒரு டி.வி.எஸ். 50 வண்டி. சுற்றிலும் கண்மாய், பனை, சீமைக்கருவேலங்காடு. ஜனங்களில் பாதிப் பேருக்குக் கரிமூட்டம்தான் பிழைப்பு. கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மேலே மண் பூசி, நாள் கணக்கில் புகைய விட்டு, கரியாக்கி மூட்டை கட்டி விற்பார்கள்.

1989-ல் ரிசர்வ் வங்கி "சேவைப் பகுதி" என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கிராமக் கிளைக்கும் 15 முதல் 25 ஊர்கள். அந்த ஊர்களுக்கு நாங்கள்தான் பொறுப்பு. வீடு வீடாகக் கணக்கெடுத்து, யாருக்கு என்ன தொழில், எவ்வளவு கடன் வேண்டும் என்று எழுதி, வருஷத் திட்டம் போட வேண்டும். வங்கிக்காரன் கவுண்டரை விட்டு வெளியே வந்து ஊருக்குள் நடந்தது அப்படித்தான்.

அந்தக் காலத்தில் பெரிய திட்டம் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம். ஐ.ஆர்.டி.பி. என்றால் வயசானவர்களுக்குத் தெரியும். மாடு வாங்கக் கடன், அதில் ஒரு பகுதி மானியம். மாட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டு. காதில் ஒரு தோடு மாட்டி விடுவோம். மாடு செத்தால் அந்தத் தோட்டைக் கொண்டு வந்தால்தான் இழப்பீடு. நான் ஆய்வுக்குப் போனால் ஒரே எருமை மூன்று வீட்டில் கட்டியிருக்கும்! முதல் வீட்டில் பார்த்துவிட்டு நான் டீ குடிக்கிற நேரத்தில் எருமை பின்வழியாக அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். அதைச் சிரிப்பாகச் சொல்கிறேன், ஆனால் குற்றம் அவர்கள் மேல் மட்டும் இல்லை. கறவை மாட்டுக்குத் தீவனமும் தண்ணீரும் இல்லாத ஊரில் மாட்டுக் கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்று இலக்கு வைத்தது நாங்கள்.

சரி, தவறுக்கு வருகிறேன்.

ஒரு வியாழக்கிழமை, பக்கத்து ஊரில் சந்தை. கிளையில் நிற்க இடமில்லை. ஒரு பனையேறி வந்தார். காளை இரண்டை விற்ற பணம் 7,000 ரூபாய். மூணு வருஷத்துக்கு டெபாசிட் போடணும், மகள் கல்யாணத்துக்கு என்றார். விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அவருக்கு எழுதத் தெரியாது, கைநாட்டு. கடைசியில் நியமனதாரர் என்று ஒரு வரி. வங்கி டெபாசிட்டுக்கு நாமினி போடும் வசதி 1985-லேயே வந்துவிட்டது. அதற்கு டி.ஏ.1 என்று தனிப் படிவம். படிவம் மேசை டிராயரில் இருந்தது. எடுத்தால் இன்னும் அஞ்சு நிமிஷம். பின்னால் முப்பது பேர் நின்றார்கள். அந்த வரியைக் காலியாக விட்டு ரசீதைக் கொடுத்துவிட்டேன்.

எட்டு மாசத்தில் அவர் பனையிலிருந்து விழுந்து இறந்துபோனார்.

மனைவி ரசீதோடு வந்தார். நான் விதியைப் பார்த்துவிட்டு, "வாரிசு சான்றிதழ் கொண்டு வாங்கம்மா" என்றேன். சொன்னது விதிப்படி சரிதான். அந்தச் சொல்லுக்குப் பிறகு அந்தம்மா பட்ட பாடு என்ன என்று எனக்கு மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. சட்டப்படி மனைவி, பிள்ளைகள் மட்டுமில்லாமல் இறந்தவரின் தாயும் வாரிசு. தாய் பெரிய மகன் வீட்டில் இருந்தார். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு வரப்புத் தகராறு. "எங்காத்தா பங்கு என்னன்னு சொல்லு, அப்புறம் கைநாட்டு" என்று கொழுந்தன் சொல்லிவிட்டார். சிறு தொகைக்கு உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக்கொண்டு கொடுக்க எங்களுக்கு வழி இருந்தது. ஆனால் அதிலும் எல்லா வாரிசும் கையெழுத்துப் போட வேண்டும். கிராம அதிகாரி, வருவாய் ஆய்வாளர், தாலுகா ஆபீஸ் என்று ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போனது. பணம் கைக்கு வர பதினாலு மாசம்.

அதற்குள் எட்டாவது படித்துக்கொண்டிருந்த மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, கரிமூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு அந்தம்மா சொன்னார்: "சார், அன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தீகன்னா எம் பேரத்தான சொல்லியிருப்பாக." கோபமே இல்லாமல் சொன்னார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மகளுக்கு இப்போது வயசு ஐம்பதை நெருங்குகிறது. விட்டுப்போன படிப்பு விட்டுப்போனதுதான். அதற்குப் பிறகு நான் செய்த எதுவும் அதைச் சரிசெய்யவில்லை.

இதே அம்மாதான் சில வருஷம் கழித்து எனக்கு மகளிர் குழு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தவர்.

நம்ம மாநிலத்தில் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுய உதவிக் குழுக்களை ஆரம்பித்தது. ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதி அதற்கு உதவியது. 1992-ல் நபார்டு, நாடு முழுக்க 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கலாம் என்று ஒரு முன்னோட்டத் திட்டம் போட்டது. அடுத்த வருஷம் ரிசர்வ் வங்கி, பதிவு செய்யாத குழுவுக்கும் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம் என்று அனுமதி கொடுத்தது. இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியும். அன்று எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. பதிவு இல்லை, சொத்து இல்லை, ஜாமீன் இல்லை. பதினைந்து பெண்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து நிற்கிறார்கள். யார் மேல் கணக்குத் தொடங்குவது?

அந்தக் குழுவுக்கு இந்த அம்மாதான் தலைவி. மாசம் ஆளுக்கு 20 ரூபாய் சேமிப்பு. நோட்டில் வரவு, கடன், வட்டி எல்லாம் எழுதியிருந்தது. எழுதியது யார் தெரியுமா? எட்டாவதோடு நின்ற அந்த மகள். எங்கள் கிளை லெட்ஜரில்கூட அவ்வளவு அடித்தல் திருத்தல் இல்லாத பக்கத்தை நான் பார்த்ததில்லை.

சேமிப்பைப்போல ஒன்று முதல் நாலு மடங்கு வரை குழுவுக்குக் கடன் தரலாம் என்று விதி. முதலில் 10,000 ரூபாய் கொடுத்தோம். மேலிடத்திலிருந்து "எந்த ஜாமீனில் கொடுத்தீர்கள்?" என்று கடிதம் வந்தது. நோட்டுப் புத்தகத்தின் நாலு பக்கத்தை நகல் எடுத்து அனுப்பினேன். மறு கடிதம் வரவில்லை. கடன் தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. ஒரு மாசம் ஒரு உறுப்பினர் கட்ட முடியாமல் போனபோது மற்ற பதினாலு பேரும் சேர்த்துக் கட்டினார்கள். அந்த உறுப்பினரிடம் பிறகு அவர்கள் எப்படி வசூலித்தார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1990-களின் கடைசியில் மகளிர் திட்டம் வந்து குழுக்கள் பெருகினபோது, நாங்கள் பழையபடி இலக்கு பின்னால் ஓட ஆரம்பித்தோம். இத்தனை குழு, இத்தனை லட்சம். சேமிக்கப் பழகுவதற்கு முன்பே கடன். ஒரே பெண் இந்தக் குழுவில் ஒரு கடன், வாரத் தவணைக்காரர்களிடம் இரண்டு கடன் என்று மாட்டிக்கொண்டதை எல்லாம் பார்த்தேன். எருமை ஒன்று, வீடு மூன்று என்பது மாறி, கடன் மூன்று, வீடு ஒன்று என்று ஆகிவிட்டது. உங்களிடம் யாராவது வந்து ஆதார் நகலும் போட்டோவும் போதும், ரெண்டு மணி நேரத்தில் பணம் என்று சொன்னால், ஏற்கெனவே வாராவாரம் எவ்வளவு கட்டுகிறோம் என்று முதலில் கூட்டிப் பாருங்க. அவ்வளவுதான் சொல்வேன்.

கடைசி ஆறு வருஷம் வேறொரு மாவட்டத்தில் முன்னோடி வங்கி மேலாளராக இருந்தேன். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு வங்கி முன்னோடி என்பது 1969 டிசம்பரிலிருந்து இருக்கிற ஏற்பாடு. மாவட்ட ஆட்சியர் தலைமையில் எல்லா வங்கிகளையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் கூட்டத்தை நடத்துவது அந்த வேலை. நிறைய பேருக்கு இப்படி ஒரு ஆள் இருப்பதே தெரியாது. கல்விக் கடன் மனுவுக்கு ஒரு கிளையில் பதில் வரவில்லை என்றால், கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தால் அது கடைசியில் இவர் மேசைக்குத்தான் வரும். நேராகவே போய்ப் பார்க்கலாம்.

அந்த வருஷங்களில்தான் நாட்டில் வீட்டுக்கு வீடு கணக்கு தொடங்கினது. ஜன்தன் திட்டம் 2014 ஆகஸ்ட் 28. அதைத் தொடர்ந்து 2015 மே மாசத்தில் இரண்டு காப்பீடு. அதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏன்னா உங்களில் பலர் பணம் கட்டிக்கொண்டே இருக்கிறீர்கள், அது உங்களுக்குத் தெரியாது.

பாஸ்புக்கில் மே மாசக் கடைசியில் 436 ரூபாய் ஒரு வரி, 20 ரூபாய் ஒரு வரி இருக்கான்னு பாருங்க. 436 என்பது ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். 18 முதல் 50 வயசுக்குள் சேரணும், 55 வரை தொடரும். 20 ரூபாய் என்பது சுரக்‌ஷா விபத்துக் காப்பீடு. விபத்தில் இறந்தால் 2 லட்சம், 18 முதல் 70 வயசு வரை. இரண்டும் ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு வருஷத்துக்குத்தான். ஒவ்வொரு மே கடைசியிலும் கணக்கில் பணம் இருந்தால் தானாக எடுப்பார்கள். இல்லையென்றால் பாலிசி நின்றுபோகும்.

ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். பெயிண்டர் ஒருவர், நாலு வருஷம் ஒழுங்காகப் போன பாலிசி. ஐந்தாவது வருஷம் மே கடைசியில் கணக்கில் 300 ரூபாய்தான் இருந்தது. முப்பது ரூபாய் குறைவு. எடுக்க முடியவில்லை. எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது, பழைய நம்பருக்கு. செப்டம்பரில் மாரடைப்பு. மனைவிக்குக் கிடைத்தது அந்த 300 ரூபாய் மட்டும். நான் எவ்வளவோ எழுதிப் பார்த்தேன், விதியில் இடமில்லை.

அதே வருஷம் இன்னொருத்தர், கல்லூரி முடித்த பையன். அப்பா இறந்து ரெண்டு மாசம். வங்கி வீணாகப் பணம் பிடிக்கிறது என்று சண்டை போடத்தான் வந்தார். பாஸ்புக்கைக் காட்டி "இந்த 330 என்ன சார்? எதுக்குப் பிடிச்சீங்க?" என்றார். அப்போது பிரீமியம் 330. அதுதான் இன்சூரன்ஸ் என்று சொன்னதும் அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நாமினியாக அம்மா பெயர் இருந்தது. இறப்புச் சான்றிதழ், க்ளெய்ம் படிவம், அம்மாவின் கணக்கு விவரம் கொடுத்தார்கள், பணம் வந்தது. அந்த வரியைச் சரியாக நிரப்பிய கிளார்க் யாரென்று தேடிப் போய்க் கைகுலுக்கினேன். அவருக்கு எதுக்கு என்றே புரியவில்லை.

இப்போ செல்போன் வந்த பிறகு என்ன மாறியிருக்கு? நடை குறைஞ்சிருக்கு. வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், இ-சேவை தளத்தில் பதிவு செய்துகொண்டு வீட்டிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். விசாரணை முன்போலவே உண்டு, ஆனால் மனு எந்த மேசையில் நிற்கிறது என்று விண்ணப்ப எண்ணை வைத்துப் பார்க்க முடியும். அந்தம்மாவுக்கு 1990-ல் இது இருந்திருந்தால் பாதி நாள் கூலியாவது மிஞ்சியிருக்கும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்க. அதுக்குமேல் போனால் தாமதக் கட்டணம், அனுமதி என்று வேலை கூடும்.

நாமினி விஷயத்தில் புதுசாக ஒன்று: 2025 நவம்பர் 1 முதல் வங்கி டெபாசிட்டுக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் சொல்லலாம். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்க. நாமினி என்றால் பணத்தை வாங்கிக்கொள்ள உரிமை உள்ளவர். முழுசுக்கும் சொந்தக்காரர் என்று அர்த்தம் இல்லை. மற்ற வாரிசுகளுக்குச் சட்டப்படி உள்ள பங்கு போகாது. ஆனால் வங்கி வாசலில் சண்டை நிற்காது, அவசரச் செலவுக்குப் பணம் கைக்கு வரும். அந்த மாமியாருக்கும் அவர் பங்கு கிடைத்திருக்கும், பெண்ணும் பள்ளிக்கூடம் போயிருப்பாள்.

பழைய பணம் எங்கேயாவது கிடக்கிறதா என்று சந்தேகம் உள்ளவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் "உத்கம்" தளம் இருக்கு. 2023 ஆகஸ்டில் வந்தது. பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட்டை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு அனுப்பிவிடும். அப்படிப் போனாலும் பணம் உங்களுடையதுதான், எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். செல்போன் நம்பரைப் பதிவு செய்து, பெயரோடு பான், வாக்காளர் அட்டை, பிறந்த தேதி போல ஏதாவது ஒன்றைக் கொடுத்துத் தேடினால் எந்த வங்கியில் இருக்கிறது என்று காட்டும். பணம் அந்தத் தளத்தில் வராது, அந்த வங்கிக் கிளைக்குப் போய்த்தான் கேட்கணும். "எடுத்துத் தர்றேன், கமிஷன் கொடுங்க" என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்க.

அடிக்கடி என்னிடம் வரும் இன்னொரு சிக்கல்: "நூறு நாள் வேலைச் சம்பளம் வரல", "உரிமைத் தொகை வரல". பல நேரம் வந்திருக்கும், வேறு கணக்குக்கு. அரசுப் பணம் ஆதார் வழியாக வரும்போது, கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் போய்ச் சேரும். யாரோ முகாமில் ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்திருப்பார்கள், நீங்கள் மறந்திருப்பீர்கள். ஆதார் தளத்தில் உள்ளே போய் வங்கி இணைப்பு நிலை என்ற இடத்தைப் பார்த்தால் வங்கியின் பெயர் தெரியும். ரெண்டு நிமிஷ வேலை.

வங்கி உங்க புகாரை 30 நாளில் தீர்க்கவில்லை, அல்லது சொன்ன பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். இணையத்திலேயே கொடுக்கலாம், கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. விவரம் கேட்க 14448. முதலில் வங்கியில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்திருக்கணும், அதன் நகலைப் பத்திரமாக வைங்க. ஆன்லைனில் பணம் ஏமாந்துவிட்டால் அது வேற நம்பர், 1930. மறுநாள் பார்த்துக்கலாம் என்று இருக்காமல் அந்த நிமிஷமே கூப்பிடணும். பணம் இன்னொரு கணக்குக்குத் தாவுவதற்கு முன்பு தடுத்தால்தான் உண்டு.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. சனிக்கிழமை காலை 10 மணி முதல் 1 மணி வரை இதே நூலகத்தில், நாளிதழ் பகுதிக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பேன். பாஸ்புக், பழைய டெபாசிட் ரசீது, இன்சூரன்ஸ் பத்திரம் எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாங்க. உங்க செல்போனை நீங்களே கையில் வைத்திருங்க, நான் பக்கத்தில் இருந்து சொல்வேன், நீங்க அழுத்துங்க. பின் நம்பரையும் ஓ.டி.பி.யையும் என்னிடம்கூடச் சொல்லக் கூடாது. வயசான அப்பா அம்மா வீட்டில் இருந்தால் அவர்கள் பாஸ்புக்கையும் சேர்த்து எடுத்துட்டு வாங்க. நாமினி படிவம் ஒரு கட்டு என் பையில் எப்பவும் இருக்கும்.